செருப்பு ஏறும் உயரம்: தேவாரம் வட்டார நாய்க்குட்டிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஒரு வீட்டில் நாய்க்குட்டி வளர்கிறதா, வளர்ந்தால் அதற்கு எத்தனை மாதம் என்று தெரிந்துகொள்ளக் குட்டியைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வீட்டில் செருப்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்தால் போதும். இதுவே இக்கட்டுரையின் துணிபு. மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் குட்டிக்கும் பார்க்கலாம்தான். ஆனால் மாடு பொறுத்துக்கொள்ளும், குட்டி நம் விரலின் வயதைப் பார்த்துவிடும். செருப்பு அப்படியல்ல. அது வாசலில் எல்லோரும் காணக் கிடக்கும் சான்று. தெருவில் நடந்துபோகிற எவரும், கதவைத் தட்டாமல், ஒரு வீட்டின் உண்மை நிலவரத்தை அதிலிருந்து வாசித்துவிடலாம்.

இந்த ஆய்வுக்குத் தேவாரத்தை விடப் பொருத்தமான களம் கிடையாது. உத்தமபாளையத்திலிருந்து போடிக்குப் போகும் சாலையில் கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம் என்று மூன்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். பண்ணைப்புரம் இளையராஜாவைக் கொடுத்தது. கோம்பை நாயைக் கொடுத்தது. முன்னவரைப் பற்றி உலகம் போதுமான அளவு பேசிவிட்டது. செந்நிற உடம்பும் கருத்த மூஞ்சியுமாகப் பன்றி வேட்டைக்கும் தொழுவக் காவலுக்கும் பேர்போன பின்னதைப் பற்றிப் பேச வேண்டியதுதான் பாக்கி. 2005-இல் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்கென நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமயமலை ஆட்டுநாய் ஆகியவை இடம்பிடித்தன, கோம்பைக்கு இடமில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றோடு கோம்பையின் பெயரையும் சொன்ன பிறகுதான் மனக்குறை கொஞ்சம் தீர்ந்தது. கோம்பைக்குப் பக்கத்து ஊர் என்ற உரிமையில், தேவாரத்தில் செவலையாகப் பிறந்து மூக்கோரம் லேசாகக் கறுத்திருக்கும் எந்தக் குட்டியும் கோம்பைதான். அதன் தாய் எந்தத் தெரு என்று கேட்பது மரியாதையில்லை.

இனி விதிக்கு வருவோம். தேவாரத்தில் நின்று மேற்கே பார்த்தால் மலை படிப்படியாகத் தன் பயிரை மாற்றிக்கொண்டு ஏறுவது தெரியும். அடியில் தென்னை, அதற்கு மேல் மாவும் இலவமும், இன்னும் மேலே காப்பியும் மிளகும், முகட்டைத் தாண்டினால் ஏலம். 600 மீட்டருக்குக் கீழே ஏலச்செடியைப் பொதுவாக யாரும் நடுவதில்லை. உயரத்தைச் சொன்னால் பயிரைச் சொல்லிவிடலாம். பயிரைச் சொன்னால் உயரத்தைச் சொல்லிவிடலாம். வாசலில் செருப்பும் குட்டியும் கொண்டிருக்கும் உறவு இதுவே. குட்டி வராத வீட்டில் செருப்பு தரைமட்டத்தில், படிக்குக் கீழே, ஒன்று கிழக்கும் ஒன்று மேற்குமாகக் கிடக்கும். வந்த முதல் வாரத்தில் திண்ணைக்கு ஏறும். குட்டி முன்னங்காலைத் திண்ணை விளிம்பில் வைத்து எட்டிப் பார்க்கத் தொடங்கும் மூன்றாம் மாதத்தில் ஜன்னல் கம்பிக்கும், நிறுத்தி வைத்த பைக்கின் சீட்டுக்கும் போகும். நான்காம் மாதம் தாண்டினால் கோழிக்கூண்டின் தலை, காம்பவுண்டுச் சுவர், மீட்டர் பெட்டி. ஆறாம் மாதம் ஓட்டுக்கூரை. அதற்கு மேல் வீட்டில் இடமில்லாததால்தான் அந்தப் பருவத்தோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது போலும். ஒரு வயதை நெருங்கும்போது செருப்பு மெல்ல இறங்கத் தொடங்கும். ஏறிய வேகத்தில் இறங்குவதில்லை. மனிதர்களுக்கு நம்பிக்கை வர நாளாகும்.

இதற்கு உடனே எழும் தடை, பல் பற்றியது. குட்டிக்கு மூன்றாம் வாரத்திலிருந்து பால்பற்கள் முளைக்கின்றன, மொத்தம் 28. நான்காம் மாதத்திலிருந்து அவை விழுந்து 42 நிலைப்பற்கள் வருகின்றன. ஈறு தினவெடுக்கிறது, அதனால் கடிக்கிறது, இதில் ஆராய என்ன இருக்கிறது என்பார்கள். கால்நடை மருத்துவர்களும் இதையே சொல்வார்கள். பற்களின் கணக்கில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் தினவுதான் காரணம் என்றால், அதே வாசலில் கிடக்கும் தென்னைமட்டை, விறகு, கொட்டாங்கச்சி, பழைய டயர் இவையெல்லாம் ஏன் உயரம் மாறாமல் கிடக்கின்றன? கொட்டாங்கச்சியைக் கூரையில் ஏற்றிவைத்த வீடு உண்டா? கடித்த செருப்பை எடுத்துப் பாருங்கள்: தடிமனான குதிகால் அப்படியே இருக்கும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் இறங்கும் இடம்தான் முதலில் போயிருக்கும். ஈறு தேய்க்க வந்தவன் நல்ல தடித்த ரப்பரை விட்டுவிட்டு, செருப்பைச் செருப்பாக வைத்திருக்கும் அந்த ஒரே முடிச்சைத் தேடிப் போவானேன்? அடியில் ஊக்கு குத்தி மாட்டிய வாராக இருந்தால் அதையும் கண்டுபிடித்துவிடுகிறது. (ஊக்கை அது விழுங்கினால் விளையாட்டு முடிந்தது, அந்த ஒரு காரணத்துக்காகவே ஊக்குச் செருப்பை முதலில் கூரைக்கு அனுப்ப வேண்டும். அதே பல் கையில் பட்டாலும், குட்டிதானே என்று விடாமல் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விடுவது இக்கட்டுரையைப் படிப்பதைவிட அவசரமான வேலை.)

பல்லை விட்டால் மூக்கு இருக்கிறது. மனித உடம்பில் வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக அமைந்த இடங்களில் உள்ளங்கால் ஒன்று. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் கிரெகரி பெர்ன்ஸ் குழுவினர் 12 நாய்களை அசையாமல் படுக்கப் பழக்கி, ஸ்கேன் கருவிக்குள் வைத்து, பல வாசனைகளை மூக்கருகே நீட்டினார்கள். பழகிய மனிதரின் வாசனைக்குத்தான், சக நாயின் வாசனையைக் காட்டிலும், மூளையின் மகிழ்ச்சிப் பகுதி அதிகம் துலங்கியது. அவர்கள் எடுத்துக்கொண்டது அக்குள் வாசனை. தேவாரத்தில் நடத்தியிருந்தால் அவ்வளவு சங்கடப்பட்டிருக்க வேண்டியதில்லை. வாசலில் கிடப்பதை எடுத்து நீட்டியிருக்கலாம். ஆக, குட்டி தூக்கிப்போவது ரப்பரை அல்ல, ஆளை. வீட்டில் ஐந்து ஜோடி கிடந்தாலும், யார் சோறு வைக்கிறாரோ, யார் பின்னால் அது நாள் முழுக்கச் சுற்றுகிறதோ, அவருடையதுதான் காணாமல் போகும். அதனால்தான் விருந்தாளியின் புதுச்செருப்பு பெரும்பாலும் தப்பிக்கிறது. அதைப் பார்த்து விருந்தாளி பெருமைப்படுவது வீண்.

ஆனாலும் ஏன் ஒன்று மட்டும்? வாய் அவ்வளவுதான் கொள்ளும் என்பது எளிய விடை. அது முதல் தடவைக்குத்தான் செல்லும். குட்டிக்கு இரண்டாவதையும் எடுத்துப்போக நாள் முழுக்க அவகாசம் உண்டு. எடுப்பதில்லை. இங்கே பொருளியல் உதவுகிறது. ஒரு செருப்பு போனால் மனிதனுக்கு இரண்டும் போனதற்குச் சமம்; மீதி ஒன்றால் அவனுக்குக் காலணா பிரயோசனமில்லை. பாதி உழைப்பில் முழு நட்டம் விளைவிக்கிறது குட்டி. இந்த நட்டத்தின் அளவு தேவாரத்தில் தெளிவாகத் தெரியும். மேலே கண்ணுக்குத் தெரிகிற மலைக்குச் சாக்கலூத்து மெட்டு வழியாக நேராக ஒரு சாலை வேண்டும் என்று இந்த ஊர் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது வராததால் ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் போடிமெட்டையோ கம்பம்மெட்டையோ சுற்றிக்கொண்டு ஜீப்பில் போகிறார்கள். விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். தூக்குவாளியும் கையுமாக ஓடிவரும் பெண் இருட்டில் காலால் துழாவுகிறார். ஒரு கால் நுழைகிறது, இன்னொன்று வெறும் தரையைத் தொடுகிறது. டிரைவர் ஹாரன் அடிக்கிறார். உள்ளே இருப்பவர்கள் “என்னக்கா, இன்னும் கௌம்பலயா?” என்கிறார்கள். “இந்தக் களவாணிப் பய எங்கிட்டுக் கொண்டுபோய்ப் போட்டானோ” என்று அவர் கோழிக்கூண்டுக்குப் பின்னால் குனியும்போது, குட்டி வாலாட்டிக்கொண்டே கூட வந்து தேடுகிறது. ஜீப் போய்விட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அன்று சாயங்காலமே செருப்பு ஒரு படி மேலே ஏறிவிடும். உயரம் கூடுவது குட்டியின் பல்லாலோ காலாலோ மட்டும் அல்ல, தவறவிட்ட ஜீப்பாலும்தான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மரபு பற்றிய தடையும் உண்டு, அது வலுவானது. செருப்பு தரையில் கிடக்க வேண்டியது, வாசற்படி தாண்டக் கூடாது, தலைக்கு மேல் போகவே கூடாது என்பது தமிழ் வீடுகளின் பழைய ஒழுங்கு. அப்படியிருக்க, செருப்பு கூரைக்கு ஏறும் என்பது எப்படி ஒரு பொது விதியாகும்? இந்தத் தடைதான் நம் துணிபுக்குப் பெரிய பலம். பரதன் இராமனின் பாதுகைகளைச் சிம்மாசனத்தில் ஏற்றி நந்திக்கிராமத்திலிருந்து பதினான்கு ஆண்டு ஆட்சி நடத்தினான். அதற்குப் பிறகு காலணியைத் தலைக்கு மேல் ஏற்ற எந்த அரசாலும் முடியவில்லை. சாமி படத்துக்குச் சமமான உயரத்தில் ஒரு ஹவாய் செருப்பை வைக்கச் சொல்லி நீங்கள் ஒரு பாட்டியிடம் வாதாடிப் பாருங்கள். இந்த ஜென்மத்தில் நடக்காது. நாற்பத்தைந்து நாள் குட்டி ஒரு வார்த்தை பேசாமல் மூன்று மாதத்தில் நடத்திக்காட்டுகிறது. பாட்டியே முக்காலி போட்டு ஏறி வைக்கிறார். குட்டியை நாம் பழக்குகிறோம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இந்த முக்காலிக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

இதில் சில திருத்தங்கள் தேவை. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நெடுங்காலிகள். கோம்பை அவற்றைவிடக் குட்டை. ஆகவே அந்த இனங்களின் குட்டி இருக்கும் வீட்டில் காணும் உயரத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் வயது கூடுதலாக வரும்; ஒரு மாதம் கழித்துக்கொள்ள வேண்டும். சங்கிலி போட்டுக் கட்டிய குட்டியாக இருந்தால் உயரம் பயன்படாது. சங்கிலியின் நீளத்தோடு கழுத்து எட்டும் தூரத்தையும் கூட்டி, அந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், செருப்புகள் அத்தனையும் வட்டத்துக்கு வெளியே இருக்கும். தின்பண்டங்களின் உயரத்தையும் சான்றாகக் கொள்ளக் கூடாது. அவை எறும்புக்கும் பிள்ளைகளுக்கும் பயந்து ஏற்கெனவே மேலே இருப்பவை. ஒன்றே ஒன்று விதிவிலக்கு: 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. குட்டி இருக்கும் வீட்டில் செருப்பு எங்கே இருந்தாலும் திராட்சை எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும்.

மிகச் சிக்கலான நிலை, ஏற்கெனவே ஒரு நாய் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு குட்டி வருவது. பெரியது பார்த்துக்கொள்ளும், சின்னதுக்கு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் பலர். ஓரளவுக்கு அது உண்மை: கடியின் அளவைக் குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் கற்கிறது, மிஞ்சிப் போனால் பெரிய நாய் ஓர் உறுமலில் அதை நினைவுபடுத்தும். இரண்டையும் முதலில் வீட்டுக்கு வெளியே பொதுவான இடத்தில் சந்திக்கவிடுவது, தட்டைத் தனித்தனியாக வைப்பது என்பவை தெரிந்தவர்கள் சொல்லும் யோசனைகள். ஆனால் செருப்பு விஷயத்தில் கல்வி தலைகீழாக ஓடுகிறது. நாலு வருஷமாகச் செருப்பைத் திரும்பிப் பார்க்காத பெரிய நாய், சின்னது இழுத்துவந்த ஒற்றைச் செருப்பின் மறுமுனையைப் பிடித்து இழுக்கிறது. வார் போவது இப்போது பாதி நேரத்தில். பழியும் பெரியதன் மேல்தான் விழும், ‘வயசாயிருச்சு, புத்தியில்லை’ என்று. அதனால் இரு நாய் வீட்டில் செருப்பு திண்ணை, ஜன்னல் என்று ஏறுவதில்லை. தரையிலிருந்து ஒரே தாவலில் கூரைக்குப் போகிறது. அந்த வீட்டை வைத்துக் குட்டியின் வயதைக் கணிக்க முடியாது. விதியின் எல்லை அதுதான் என்று ஒத்துக்கொள்ளலாம்.

விதியின் பயனைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. கோம்பைப் பக்கம் குட்டி வாங்கப் போகிறவரிடம், “ஒரிஜினல் கோம்பைங்க, நாப்பத்தஞ்சு நாள்தான் ஆகுது” என்றே சொல்லப்படும். 2017-இல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம், அதாவது 56 நாள், நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. இந்த இடத்தில் வாங்குகிறவர் குட்டியின் காதைத் தூக்கிப் பார்ப்பதையும் வாலை அளப்பதையும் விட்டுவிட்டு, விற்பவரின் வாசலை ஒருமுறை நோட்டம் விட வேண்டும். செருப்பு இன்னும் படிக்குக் கீழே கிடந்தால், ஆள் உண்மை பேசுகிறார், சட்டத்தை மீறுகிறார். ஜன்னல் கம்பியில் இருந்தால், பொய் பேசுகிறார், சட்டப்படி நடக்கிறார். கூரையில் இருந்தால் பக்கத்திலேயே இன்னொரு நாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேட்கலாம்.