டிரெய்லர் பார்க் ஜமீன்தார்

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோ, பிளேனோ, இர்விங் என்று தமிழர்கள் கூடுகிற எந்த பாட்லக் விருந்திலும் இவரைப் பார்க்கலாம். புளியோதரைக்கும் கேசரிக்கும் நடுவில், தட்டைக் கையில் பிடித்தபடி, சாப்பிடாமல் நின்றுகொண்டிருப்பார். உத்தியோகம் ஒரு வங்கியில், டேட்டாபேஸ் பிரிவில். அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். "இன்னும் எத்தனை நாளைக்கு சார் அடுத்தவனுக்கே உழைக்கிறது?" என்று ஆரம்பிப்பார். மரியாதைக்குத் தலையாட்டினீர்களோ, தொலைந்தீர்கள். கேசரி ஆறிவிடும்.

ஜமீன்தார் ஒரே நாளில் உருவாகவில்லை. முதலில் இவரும் எல்லோரையும்போல ஒரு தனி வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்தான். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது என்று குடிவந்தவரை, ஆண்டுக்கு வீட்டு மதிப்பில் ஏறத்தாழ 2 சதவீதம் சொத்து வரி வந்து கட்டிப் பிடித்துக்கொண்டது. வரி, இன்ஷூரன்ஸ், வங்கித் தவணை எல்லாம் போக மாதம் 100 டாலர் மிஞ்சியது. ஜூலை மாதம் ஏ.சி. கம்ப்ரசர் படுத்தது. மிஞ்சிய கணக்கை அதோடு அவர் எழுதவில்லை.

அப்புறம்தான் பாட்காஸ்ட் கேட்க ஆரம்பித்தார். அலுவலகம் போக ஒரு மணி, வர ஒரு மணி. காதில் யாரோ ஒருவர் பணக்காரராகிக்கொண்டே இருந்தார். சாம் ஜெல்லும் வாரன் பஃபெட்டும் இவருக்குச் சித்தப்பா, பெரியப்பா முறை ஆனார்கள். "ஜெல் டிரெய்லர் பார்க்கா வாங்கிக் குவிச்சவர் சார். பஃபெட் 2003-ல கிளேட்டன் ஹோம்ஸை 170 கோடி டாலருக்கு வாங்கினார். சும்மாவா வாங்குவார்?" என்பார். பஃபெட் வாங்கியது வீடு செய்கிற கம்பெனியை, இவர் வாங்கியது வீடு நிற்கிற புழுதியை. இந்தச் சின்ன வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொன்னதில்லை. பாட்லக்கில் அதற்கு இடைவெளி கிடைக்காது.

அந்தப் புழுதி, கிழக்கு டெக்சஸில் ஒரு சின்ன ஊருக்கு வெளியே 20 மனைகள். மொபைல் ஹோம் என்பது தொழிற்சாலையில் செய்து, சக்கரம் மாட்டி நெடுஞ்சாலையில் இழுத்து வந்து, கான்கிரீட் கட்டைகள் மேல் ஏற்றி, இரும்புப் பட்டையால் தரையோடு கட்டிவைக்கிற வீடு. வீடு குடியிருப்பவருடையது, மண் ஜமீன்தாருடையது. மண்ணுக்கு மாத வாடகை உண்டு. பெயர் லாட் ரென்ட். 1976 ஜூன் 15-க்குப் பிறகு செய்த வீடென்றால், மத்திய அரசின் தர விதிக்கு உட்பட்டது என்பதற்கு அடையாளமாகப் பின்பக்கச் சுவரில் ஒரு சிவப்புத் தகடு இருக்கும். குடும்பத்தோடு சுற்றுலா போகும்போதுகூட இவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முன்பின் தெரியாதவர் வீட்டுப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பது இந்தத் தகட்டுக்காகத்தான். "டெக்சஸ்ல அடுத்தவங்க கொல்லையில போய் எட்டிப் பார்க்காதீங்க, சுட்டுருவாங்க" என்று மனைவி சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

அடுத்தது எக்செல். போனிலேயே வைத்திருக்கிறார், கேட்காமலே காட்டுவார். "லாட் ரென்டை மாசம் 50 டாலர் ஏத்தினா, 20 லாட்டுக்கு வருஷம் 12,000. எட்டு பர்சென்ட் கேப் ரேட்ல, அதாவது வருஷ வருமானம் விலையில எட்டு பர்சென்ட்னு வச்சா, பார்க்கோட மதிப்பு 1.5 லட்சம் டாலர் கூடுது. ஒரு செங்கல் எடுத்து வைக்கல சார்!" கணக்கு சரிதான். அதில்தான் ஆபத்தே இருக்கிறது. இவருடைய எக்செல்லில் எந்தக் கூட்டலும் தப்பாது. கூட்டக் கூடாததைக் கூட்டியிருப்பார். விற்றவர் ஒரு கிழவர். அவருக்குச் சொந்தமான பழைய டிரெய்லர்கள் 8 அந்த மனைகளிலேயே இருந்தன. வீடும் மண்ணும் சேர்த்து 700 டாலர் வாடகை. அதில் மண்ணுக்கு உண்டானது பாதி இருந்தால் அதிகம். மீதி, நாளுக்கு நாள் உளுத்துப்போகிற பலகைக்கு உண்டானது. ஜமீன்தார் மொத்தத்தையும் மண்ணாகவே பாவித்துக் கேப் ரேட் போட்டு விலை கொடுத்துவிட்டார். கிழவர் கையெழுத்துப் போட்ட கையோடு ஃபுளோரிடாவுக்குப் போய்விட்டார் என்று கேள்வி.

"கூரை ஒழுகினா அவங்க கவலை, நமக்கு மண்ணு மட்டும்தான்" என்ற பாட்காஸ்ட் மந்திரம் அந்த 8 வீடுகளுக்குச் செல்லாது. அங்கே கூரையும் இவருடையது, கூரைக்குள் குடித்தனம் நடத்துகிற ரக்கூனும் இவருடையது.

வாங்கிய ஆகஸ்டில் ஒரு படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. டெக்சஸ் ஆகஸ்டில் புல் என்பது ஒரு நினைவு மட்டுமே. எங்கு பார்த்தாலும் வைக்கோல் நிறம். அந்தப் படத்தில் மட்டும் ஏழாம் லாட்டின் ஓரத்தில் பாய் அகலத்துக்குப் பசேலென்று புல், மினுமினுவென்று. கீழே 'நம்ம மண்ணு' என்று எழுதி, கைகூப்பும் பொம்மை. 63 பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒருவர், உரம் என்ன போட்டீர்கள் என்று கேட்டிருந்தார்.

உரம் ஒன்றும் இல்லை. பழைய பார்க்குகளில் பெரும்பாலும் மாஸ்டர் மீட்டர்தான். நகராட்சி வாசலில் ஒரே மீட்டர் வைக்கும். அதற்கு உள்ளே தரைக்கடியில் ஓடுகிற குழாய் முழுக்க உரிமையாளர் தலையில். 900 டாலர் வந்துகொண்டிருந்த தண்ணீர் பில் அந்த மாதம் 3,800 வந்தது. அந்தப் பச்சைக்கு அடியில் தோண்டினார்கள். கசிந்த தண்ணீர்க் குழாயை அடைத்த கையோடு, பக்கத்தில் கிடந்த கழிவுக் குழாயையும் பிளம்பர் பார்த்துவிட்டார். ஆரஞ்ச்பர்க் குழாய். இரும்பல்ல, பிளாஸ்டிக்கும் அல்ல. மரக்கூழைத் தாரில் ஊறவைத்துச் செய்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு மலிவாகக் கிடைக்கிறதென்று அமெரிக்கா முழுக்கப் புதைத்தார்கள், 1970-களோடு விட்டுவிட்டார்கள். மண் பாரம் தாங்காமல் அது காலப்போக்கில் நசுங்கி முட்டை வடிவமாகிவிடும். வாங்குவதற்கு முன் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பார்கள், அதற்குச் சில நூறு டாலர் ஆகும். நம்மவர் அந்தக் காசை மிச்சம் பிடித்திருந்தார். பிளம்பர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் குழியை எட்டிப் பார்த்த விதம், துக்க வீட்டுக்கு வந்தவர் பார்ப்பதுபோல இருந்ததாம்.

ஜமீனில் உண்மையான ஆட்சி லாட் 1-ல் குடியிருக்கும் அம்மாளுடையது. மேனேஜர். சம்பளத்துக்குப் பதில் லாட் ரென்ட் கிடையாது. எழுபதைத் தாண்டியவர், சதா சிகரெட், இவரை 'ஹனி' என்றுதான் அழைப்பார். காலை ஒன்பதரைக்கு, ஆபீஸ் ஸ்டாண்டப் மீட்டிங் நடக்கிற நேரம் பார்த்து போன் வரும்: "ஹனி, பன்னிரண்டாம் லாட்டுக்காரன் ராத்திரியோடு ராத்திரியா ஓடிப்போயிட்டான். ஆடு ரெண்டையும் விட்டுட்டுப் போயிருக்கான். என்ன செய்யட்டும்?" டேட்டாபேஸ் மைக்ரேஷன் எந்த நிலையில் இருக்கிறது என்று மேலாளர் கேட்டதற்கு ஒருநாள் இவர், "ஆட்டைக் கட்டிப் போடுங்க" என்று பதில் சொன்னதாக ஆபீஸில் பேச்சு. இந்த வருமானத்துக்குப் பெயர் பாஸிவ் இன்கம்.

வரி விஷயத்தில் விழுந்தது தனி அடி. வாடகைச் சொத்தில் நஷ்டம் வந்தால் 25,000 டாலர் வரை சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று காதில் கேட்டிருந்தார். வருமானம் 1 லட்சம் டாலரைத் தாண்டினால் அந்தச் சலுகை தேய ஆரம்பித்து, 1.5 லட்சத்தில் மறைந்தே போகும் என்பதை ஆடிட்டர் சொன்னார். கணவன், மனைவி இருவரும் ஐ.டி. "நஷ்டம் எங்கேயும் போகாது சார், அடுத்த வருஷத்துக்கு வரும்" என்று ஆடிட்டர் ஆறுதலும் சொன்னார். ரியல் எஸ்டேட்டே தொழில் என்று காட்ட வழியுண்டா? உண்டு. ஆண்டுக்கு 750 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்க வேண்டும். பார்க்கிற மொத்த வேலையில் பாதிக்கு மேல் அதுவாக இருக்கவேண்டும். "அது ஆயாச்சு, ஆபீஸ்லதான் இன்னும் கண்டுபிடிக்கல" என்றார் மனைவி.

இத்தனைக்கும் நம்மவர் வளர்ந்தது திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோரில். பத்துக் குடித்தனம், ஒரே கிணறு, ஒரே அடிபம்பு. வீட்டுக்கார மாமி காலை ஏழு மணிக்கு மேல் மோட்டார் போடமாட்டார்; விருந்தாளி வந்தால் தண்ணீருக்குத் தனிக் கணக்கு. அந்த மாமியை அவர் அம்மா இன்றைக்கும் பெயர் சொல்லித் திட்டுவார். இப்போது நம்மவர் லாட்டுக்கு லாட் தண்ணீர் மீட்டர் வைத்தாயிற்று. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆனால் மாமியிடம் கோபித்துக்கொண்டு ஒரு தட்டுவண்டியில் சாமானை ஏற்றி அடுத்த தெருவுக்குப் போய்விட முடிந்தது. லாட் ரென்ட் ஏறினால் இங்கே அது நடக்காது. பெயர்தான் மொபைல். ஒரு வீட்டை இழுத்துப் போய் இன்னோர் இடத்தில் நிறுத்த ஐந்தாயிரம், பத்தாயிரம் டாலர் என்று ஆகும். பல வீடுகளின் விலையே அவ்வளவு பெறாது. எக்செல்லில் அந்த 50 டாலர் அத்தனை சுலபமாக ஏறுவது இதனால்தான். சோஷியல் செக்யூரிட்டி பணத்தில் காலம் தள்ளுகிற நான்காம் லாட்டுப் பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுவது எந்தக் கட்டத்திலும் வராது. நியூ ஹாம்ப்ஷையரில் 1984 முதலே குடியிருப்போர் கூட்டுறவாகச் சேர்ந்து பார்க்கையே விலைக்கு வாங்கிவிடுகிறார்கள். லாட் 1 அம்மாள் காதுக்கு இது எட்டக்கூடாது என்பதுதான் ஜமீன்தாரின் இப்போதைய வேண்டுதல்.

இதற்கெல்லாம் அசருகிறவரா? இரண்டாவது பார்க்குக்குப் பங்காளிகள் தேடிக்கொண்டிருக்கிறார். தலைக்கு 50,000 டாலர். அடுத்த பாட்லக்கில் தட்டோடு உங்கள் பக்கம் வந்தால், கேப் ரேட்டைக் கேட்காதீர்கள், அதற்கு வரைபடமே வைத்திருக்கிறார். தரைக்கடியில் என்ன குழாய், மீட்டர் யார் பெயரில் என்று மட்டும் கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் உட்கார்ந்து பேசலாம். "அதெல்லாம் மேனேஜர் பார்த்துப்பாங்க சார்" என்றால், கேசரி ஆறுவதற்குள் எழுந்து போய்விடுங்கள்.