இன்னும் காயல

"இந்தா புள்ள, கதவைக் கொஞ்சம் திற. கியூட்டெக்ஸ் இன்னும் காயல."

இந்தக் குரல் கேட்காத வீடு கண்டிப் பக்கம் எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே வாடகைக்கு வருகிறேன். வாவிக்கரை மரத்தில் நீர்க்காகம் இறக்கையை விரித்துவைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்குமே, அப்படித்தான் சித்தி வாசலில் நிற்பாங்க. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கும். விரல் பத்தும் பத்துத் திசைக்கு.

கதவைத் திறந்துவிட்டால் விட்டது என்று நினைக்காதீர்கள். செருப்பு வாரைக் குதிகாலில் ஏற்றிவிட வேண்டும். கைப்பையைத் தோளில் மாட்ட வேண்டும். போன் அடித்தால் எடுத்து அவங்க காதில் வைத்து, பேசி முடியும்வரை தாங்கிப் பிடிக்க வேண்டும். தெல்தோட்டைப் பெரியம்மா என்றால் முக்கால் மணித்தியாலம். மூக்கு நுனி அரித்தால் சொறிந்துவிட வேண்டும், அதுவும் "கொஞ்சம் மேல, இன்னும் மேல, ஆ, போதும்" என்ற வழிகாட்டலோடு. ஒருமுறை பிளேன்டீயை ஊதி ஊதி நானே புகட்டியிருக்கிறேன். எனக்கு அப்போது உயர்தரச் சோதனைக்கு இரண்டு நாள் இருந்தது. சித்திக்கு வயது நாற்பத்தாறு.

பொதுவாகத்தான் சொல்கிறேன். கட்டுகஸ்தோட்டையில் எங்கள் மேல்மாடியில் குடியிருப்பவரை மனதில் வைத்து எழுதவில்லை. அவங்க இதை வாசிக்கப்போவதும் இல்லை. பக்கம் புரட்டக் கை வேண்டுமே.

வெறும் சிவப்பு பூசுகிற ஆள் என்றால் பரவாயில்லை. சித்திக்கு நாள் கிழமையெல்லாம் நகத்தில் ஏற வேண்டும். கண்டியில் அதற்குப் பஞ்சமா? பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, வெசாக், பொசன், பெரஹெரா, தீபாவளி, நத்தார். ஜனவரியில் கரும்பு வரைந்தாங்க. நுவரெலியா லீக்ஸ் மாதிரி வந்தது. சித்திரைக்கு எரபதுப் பூ. மே மாதம் எட்டு மூலை வெசாக் கூடு, வாலோடு. டிசம்பரில் பனிமனிதன். கண்டிக்கும் பனிமனிதனுக்கும் என்ன உறவு என்று கேட்டதற்கு, "நீ சும்மா இரு, அந்தப் பஞ்சை எடு" என்றாங்க.

வரையும்போது பார்க்க வேண்டும். பென்சில் முனை ரப்பரில் குண்டூசியைக் குத்தி வைத்திருப்பாங்க. அந்தக் குண்டூசித் தலையில் ஒரு சொட்டு வெள்ளையைத் தொட்டு நகத்தில் வைத்தால் கச்சிதமாக ஒரு வட்டம் விழும். ஐந்து வட்டம் சுற்றிவந்தால் பூ. நடுவில் மஞ்சள் புள்ளி. பூ காய்வதற்குள் ஈர்க்கு நுனியால் ஒவ்வொரு இதழையும் மையத்தை நோக்கி லேசாக இழுத்துவிட்டால் இதழ் கூராகிவிடும். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு சித்தி அதைச் செய்யும்போது யாருக்கும் கோபம் வராது. கோபம் வருவது அதற்கு அடுத்த நிமிடத்திலிருந்து.

கியூட்டெக்ஸ் என்பது அமெரிக்காவில் 1911இல் நகத்தோரச் சதையை இளக்குவதற்கென்று வந்த ஒரு மருந்தின் பெயராம். இலங்கையில் எந்தக் கம்பெனிப் போத்தலில் எந்த நிறம் இருந்தாலும் அது கியூட்டெக்ஸ்தான். அது காய்வது என்றால் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவது, அவ்வளவே. மெல்லிசாக ஒரு பூச்சு, இரண்டு மூன்று நிமிடம் விட்டு இன்னொன்று என்று போனால் ஒரு வில்லங்கமும் இல்லை. சித்தி அடிப்பூச்சு ஒன்று, நிறம் இரண்டு, பத்தாதென்று மூன்றாவது, அதன்மேல் படம், படத்தின்மேல் டொப் கோட் என்று அடுக்குவாங்க. மேலே பாலாடை மாதிரிக் காய்ந்திருக்கும், உள்ளே கூழ். படுக்கை விரிப்பில் பட்டால் விரிப்பின் நெசவு அப்படியே நகத்தில் பதிந்துவிடும். இதெல்லாம் தெரியாதவங்க என்றால் மன்னிக்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பே எடுக்கிறாங்க: "மெல்லிசாப் பூசணும் மகள், அவசரப்படக் கூடாது." தனக்கு என்று வந்தால், வீட்டைவிட்டுக் கிளம்ப அரைமணித்தியாலம் இருக்கும்போதுதான் போத்தலைத் திறப்பாங்க.

தீபாவளி இன்னும் மோசம். ஒக்டோபர், நவம்பர் மழையில் கொடியில் போட்ட துணியே மூன்று நாளாய் ஈரமாகக் கிடக்கும். ஒரு தீபாவளிக்குச் சித்தி ஃப்ரிஜ்ஜைத் திறந்து, ஐஸ் தட்டுக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றாங்க. ஒரு பக்கம் பாரை மீன், ஒரு பக்கம் சித்தியின் பத்து அகல்விளக்கு. குளிரில் பூச்சு இறுகும், காயாது. வெளியே எடுத்தால் பழைய கதைதான். கரண்ட் பில் மட்டும் புதுசு.

ஆனால் இதெல்லாம் சில்லறை. பெரிய காரியம் எசல பெரஹெரா.

கும்பல் பெரஹெரா ஐந்து இரவு, ரந்தோலி பெரஹெரா ஐந்து இரவு. கை இரண்டு, கைக்கு விரல் ஐந்து. இந்தக் கணக்குத் தோன்றிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஓகஸ்ட் மாதம் நிம்மதி இல்லை. இடக்கை கும்பல், வலக்கை ரந்தோலி. சுண்டுவிரலில் கசையடிக்காரர், ஏனென்றால் ஊர்வலத்தில் அவர்தான் முன்னால் வருவார். அப்புறம் கொடி, மேளம், தீப்பந்தம். கட்டைவிரல் நகம் அகலம், ஆகவே அது பேழை சுமக்கும் மாளிகை யானைக்கு. யானை பிசகக் கூடாதென்று தலதா மாளிகை வளவுக்குள் போய், 1988இல் இறந்து இப்போது பாடம் செய்து வைத்திருக்கும் ராஜா என்ற யானையை ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டு நின்றாங்க. நானும் நின்றேன். "யானைக்கு முன்கால்ல அஞ்சு நகம், பின்கால்ல நாலு, கவனிச்சியா?" என்றாங்க. கூட்டிப் பார்த்தேன், பதினெட்டு. சித்திக்குப் பத்தோடு நிறுத்திய பிள்ளையாருக்குக் கட்டுக்கலைக் கோவிலில் ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

சித்திக்கு வலக்கைப் பழக்கம். இடக்கை நகத்தை வலக்கை வரையும். வலக்கை நகத்தை இடக்கைதான் வரைந்தாக வேண்டும். அதனால் எளிமையான கும்பல் பெரஹெரா இடக்கையில் ஜொலித்தது. அதைவிடச் சிறப்பான ரந்தோலி வலக்கையில் மழையில் கலைந்த ஊர்வலமாகிப்போனது. மாளிகை யானையைப் பார்த்தால் உருளைக்கிழங்குக்கு நாலு கால் முளைத்த மாதிரி. "படம் எடுக்கும்போது இடக்கையை மட்டும் எடு" என்று எனக்கு உத்தரவு.

ரந்தோலி இரவுக்கு இடம் பிடிக்க நாங்கள் பகல் இரண்டு மணிக்கே வீதியோரம் போய் உட்கார்ந்தோம். டொப் கோட் ஒன்றரைக்குத்தான் முடிந்திருந்தது. இருட்டும்வரை அவித்த கடலையை ஒவ்வொன்றாக நான் ஊட்டினேன். அதற்குள் காய்ந்திருக்காதா என்று கேட்பீர்கள். காய்ந்திருக்கும், நாலு மணிக்கு ஒரு விரல் கடலைச் சுருளில் உரசி, கைப்பையிலிருந்து போத்தல் வெளியே வந்து, பத்துக்கும் மறுபடி டொப் கோட். கடைசியில் பேழையோடு மாளிகை யானை வந்தது. சனம் முழுக்க எழுந்து கைகூப்பியது. சித்தியும் எழுந்து கையை உயர்த்தினாங்க. விரல் விரலில் படக் கூடாதே! பலாப்பழம் ஒன்றை நடுவில் தாங்கியது போல இரண்டு கைக்கும் ஒரு முழ இடைவெளி. பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா அதைப் பார்த்தார். தமிழ் ஆட்கள் கும்பிடும் முறை என்று நினைத்தாரோ என்னவோ, தன் கையையும் கொஞ்சம் விலக்கிக்கொண்டார்.

காயாத வியாதிக்கு மருந்து ஒன்று உண்டு, ஜெல் பூச்சு. விளக்குக்குக் கீழே கையை வைத்தால் புற ஊதா வெளிச்சத்தில் ஒரு நிமிடத்தில் இறுகிவிடும். சித்தி சீட்டுச் சல்லியை எடுத்து அந்த விளக்கை வாங்கியது 2022 தொடக்கத்தில். மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். அதற்குப் பிறகு சித்தி ஜெல் பூசிய கையோடு மொட்டை மாடியில் வெயிலுக்குக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க, வடகம் போல. கீழே காஸ் வரிசைக்கு சிலிண்டரை உருட்டிக்கொண்டு போனது நான்.

சிரிக்க வைக்கத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் சிலிண்டர் ஞாபகம் வந்ததும் எரிகிறது. எங்கள் அம்மாவின் நகமும் காய்ந்து நான் பார்த்ததில்லை. அது சட்டிபானைத் தண்ணி. அவங்களுக்காக யாரும் கதவைத் திறந்துகொண்டு நிற்பதில்லை. எந்தப் பண்டிகைக்கும் சித்தி காயும்வரை உட்கார்ந்திருப்பாங்க, சித்தியின் தட்டையும் சேர்த்து அம்மா கழுவுவாங்க. ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு, சித்தி கழுவியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

சரி, அம்மாயி கதையையும் சொல்லத்தான் வேண்டும். அம்மாயி தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவங்க. விரல் நுனியில் தேயிலைச் சாயம் கடைசிவரை போகவில்லை. எங்களோடு இருந்த கடைசித் தீபாவளிக்குச் சித்தி அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாங்க. "எனக்கு எதுக்குடி இந்தக் கண்றாவி" என்று அம்மாயி இழுத்துக்கொள்ளப் பார்த்தாங்க, விடவில்லை. வரி வரியாய்த் தடித்துப்போன நகத்தில் வெளிர் ரோஸ். அதன்மேல் ஈர்க்கு நுனியால் இரண்டு இலை, ஒரு மொட்டு. பத்து விரலுக்கும்.

அம்மாயி வெங்காயம் உரிக்க எழும்பினாங்க. "அசையாதீங்கம்மா, இன்னும் காயல."

கையை முழங்காலில் விரித்துவைத்துக்கொண்டு அம்மாயி இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தாங்க. முறுக்கை உடைத்து வாயில் போட்டது அம்மா. கண்ணாடியைச் சரிசெய்தது நான். பகல் நேரத்தில் அந்தக் கை சும்மா இருந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. உண்மையில் அது கால் மணித்தியாலத்தில் காய்ந்துவிட்டது. ஒரே பூச்சு, அதுவும் மெல்லிசு. சித்தி சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த வருஷம் நான் வேலைக்குக் கொழும்புக்கு வந்துவிட்டேன். பெரஹெரா நாளில் கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் பத்து விரலையும் விரித்துக்கொண்டு, மேல்கம்பியைப் பிடிக்காமல் ஒருவர் நின்றால், பாலம் தாண்டிக் குலுங்கும்போது தயவுசெய்து தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பர்ஸ் கைப்பையின் வெளிப்பக்க ஜிப்பில் இருக்கிறது. டிக்கெட்டுக்கு நீங்களே எடுத்துக் கொடுத்து, மிச்சச் சல்லியை எண்ணி உள்ளே வையுங்கள்.