இடுப்பளவு இரத்தினபுரி

இரத்தினபுரி டவுனில் காணி பார்க்கிற மாமா ஒருவர் உங்கள் தோட்டத்திலும் இருப்பார். பார்க்கிறவர்தான், வாங்குகிறவர் அல்ல. ஈபிஎஃப் காசு கைக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறார். மகன் கொழும்பில் கடை போட்ட பிறகும் பார்க்கிறார். தனக்குப் பார்த்துச் சலித்தால் மருமகனுக்குப் பார்ப்பார். மருமகன் கண்ணில் படாவிட்டால் என்னைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமையானால் பெண் பார்க்கப் போகிறவர் கணக்காக வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை, முதல் பஸ்.

காணிக்குப் போனால் காணியைப் பார்க்கமாட்டார். எல்லைக்கல், பாதை, கிணறு, கரண்ட் கம்பம் எல்லாவற்றையும் தரகர் காட்டுவார். மாமா "ம்" என்பார். கண் முழுக்கப் பக்கத்து வீட்டுச் சுவரில் இருக்கும். அந்த வீட்டுக்காரர் தலைகாட்டியதும் சிங்களத்தில் ஒரே கேள்வி: தண்ணி எதுமட்டும் வந்துச்சு? கேட்கும்போதே கை அவருடைய முழங்காலில் தொடங்கி மெல்ல மேலேறும். வீட்டுக்காரர் எந்த இடத்தில் தலையாட்டுகிறாரோ அந்த இடத்தில் நிற்கும்.

கேள்வியில் தப்பில்லை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர், நடுவில் களுகங்கை. 2003 மே வெள்ளமும் 2017 மே வெள்ளமும் டவுனில் எல்லாருக்கும் மனப்பாடம். 1947 வெள்ளத்தை அப்பா சொல்லக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். ஆனால் மாமா அளவுக்கு இந்த விஷயத்தை உடம்பில் ஏற்றிக்கொண்டவர் வேறு யாருமில்லை. முவகம என்றால் அவருக்கு நெஞ்சு. அங்கம்மன கழுத்து. வெரலுபயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் முழங்கால், அந்தப் பக்கம் இடுப்பு. பஸ் ஸ்டாண்டைச் சொன்னால் மூக்கைப் பொத்திக்கொள்வார். எல்லாம் மாமாவின் அளவைதான். நில அளவைத் திணைக்களம் இதற்குப் பொறுப்பாகாது.

அளந்ததோடு விட்டாலும் பரவாயில்லை. அடுத்து விசாரணை. முவகமவில் ஒரு பையன் "இடுப்பு மட்டுந்தான் அங்கிள்" என்று தைரியமாகச் சொன்னான். தரகர் முகம் மலர்ந்தது. மாமா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த வருஷத்து வெள்ளம், மல்லி?"

"2003."

"அப்ப ஒனக்கு என்னா வயசு?"

"பதினொண்ணு."

மாமா என் பக்கம் திரும்பினார். "பதினொரு வயசு இடுப்பு, தம்பி. நமக்கு அது தொடைதான். ஆனா இவன் அப்பவே ஒசரமா இருந்திருந்தா?" பையனின் அம்மாவைக் கூப்பிட்டு, அந்த வயதில் இவன் எவ்வளவு உயரம் என்று கேட்டார். அம்மா கதவு நிலையில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கிருந்து இடுப்பு எங்கே வரும் என்று மாமா குடைக்காம்பால் அளந்தார். அதற்குள் தரகர் ரோட்டுக்குப் போய்ச் சிகரெட் பற்றவைத்துவிட்டார். அதன் பிறகு அந்தத் தரகர் என் போனை எடுப்பதில்லை.

சொல்ல ஆளில்லாத வீடென்றால் சுவரே சாட்சி. புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம் இரட்டிப்பாகும். "என்னாத்துக்கு அடிச்சான்?" என்று கேட்டபடி கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் விரலை விடுவார். பெயின்ட்காரன் பிரஷ் எட்டாத இடம் அது. அங்கே காப்பி நிறத்தில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு இருக்கும். மாமா நகத்தால் சுரண்டி, அந்தத் தூளை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டுவார். மாணிக்க வியாபாரிகள்கூட நம்ம டவுனில் கல்லை இத்தனை கவனமாகக் காட்டுவதில்லை.

டவுன்காரர்கள் இதற்கெல்லாம் அசருவதில்லை. கீழே கார், மேலே குடும்பம் என்று இரண்டு தட்டு வீடு கட்டிக்கொள்கிறார்கள். ஆறு ஏறினால் டிவியையும் அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு மேலே போவார்கள். இறங்கினால் சேற்றை வழித்துவிட்டுக் கடை திறப்பார்கள். அப்படிக் கட்டலாமே என்றேன். "கீழ்வீடு ஆத்துக்கு, மேல்வீடு நமக்கா? ஆறு வாடகை குடுக்குமா?" என்றார்.

சரி, மேட்டுக்குப் போவோம் என்றால் அங்கே வேறு வழக்கு. நியூ டவுனில் தண்ணீர் ஏறாதே என்றால், "வெலை ஏறியிருச்சே" என்பார். அதற்கும் மேலே, மலைச்சரிவில் மலிவாக ஓரிடம் கிடைத்தது. மாமா அரநாயக்கவை ஆரம்பித்தார். 2016 மே 17 அன்று சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மண்ணுக்குள் போனது நாடறிந்த கதை. அதே மழையில் புளத்கொஹுபிட்டியவில், அதே கேகாலை மாவட்டத்தில், நம்ம ஆட்கள் இருந்த தோட்ட லயமும் மண்ணுக்குள் போனது. இதற்கு எதிராக என்ன பேச முடியும்? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ரிப்போர்ட் எடுத்துவிட்டுத்தானே கட்டப்போகிறோம் என்று ஈனக்குரலில் சொன்னேன். "ரிப்போர்ட்டு மலைக்குத் தெரியுமா?" என்றார். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, நடுவில் சமதரை கிடைத்தால் குதிகாலால் ஓங்கி இரண்டு மிதி. அடியில் பழைய மாணிக்கக் குழி இருந்தால் சத்தம் வேறு மாதிரி வருமாம்.

இத்தனை பேசுகிறவர் குடியிருக்கிற இடத்தைச் சொல்கிறேன். லயத்தில் ஓர் இஸ்தோப்பு, ஒரு காம்பரா, பின்னால் தகரம் அடித்த குசினி. குசினிச் சுவரிலிருந்து நாலடி தள்ளிச் செம்மண் சரிவு செங்குத்தாக நிற்கிறது. அதில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு. என் விரல் தாராளமாக உள்ளே போகிறது. அடைமழை என்றால் அதிகாரிகள் வந்து ஸ்கூலுக்குப் போகச் சொல்வார்கள். லயமே பாயைச் சுருட்டிக்கொண்டு போகும். மாமா மட்டும் மாட்டுக்குப் புல் இல்லை என்று திரும்பி வந்து படுத்துக்கொள்வார். டவுனில் மீட்டர் பெட்டிக்குப் பின்னால் கோடு கண்டுபிடித்தவருக்கு இது கண்ணில் படாதா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"இது நம்ம சொந்தமா தம்பி, பாத்துப் பாத்து இருக்க?"

அவர் சொன்னதில் கணக்குச் சரிதான். 1820களில் கோப்பிக்கென்று ஆட்களைக் கொண்டுவந்தபோது, எந்தப் பக்கம் குடியிருக்கிறாய் என்று எவரிடமும் கேட்கவில்லை. துரை காட்டிய சரிவில் லயம் எழுந்தது. 1972லும் 75லும் தோட்டம் அரசாங்கத்துக்குப் போனது, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. லயம் மட்டும் அதே சரிவில் நின்றது. மலையகம் 200 என்று 2023இல் ஊர்வலம் போனோம். ஏழு பேர்ச் காணி தருவோம் என்றார்கள், பிறகு பத்து பேர்ச் என்றார்கள். மாமாவின் டிரங்குப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைக் கடிதம், இந்த வீட்டுக்கான விண்ணப்பத்தின் போட்டோக் கொப்பி எல்லாம் இருக்கின்றன. உறுதி ஒன்றுதான் இல்லை. வெடிப்பு விழுந்த சரிவுக்கடியில் ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாக வைத்துவிட்டு, மழை வந்தால் மட்டும் ஸ்கூலுக்குப் போ என்பது எந்த ஊர் நியாயம்?

மாமாவிடம் இன்னொரு கேள்வியும் உண்டு. கையை எங்கும் வைக்காமல், கடைசியில், தரகர் காதில் விழாதபடி என்னிடம் மட்டும் கேட்பார்: "சுத்தி இருக்கிற ஆளுக எப்புடி?" 1981 ஆகஸ்டில் இந்த மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் எரிந்தபோது அவர் பையன். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் வன்னிக்குப் போனார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் கிண்டலாகப் பதில் சொன்னதில்லை.

மற்றபடி அவர் மேல் எனக்குக் கோபம் கோபந்தான். ஒரு ஞாயிறில் நாலு இடத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு ஏறினால், பஸ்ஸில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பொங்கலுக்குப் புதுவேட்டி கட்டினாலும் அப்படியொரு மலர்ச்சி வராது. அவருடைய அப்பாவும் தாத்தாவும் எந்த இடத்தையும் வேண்டாம் என்று சொன்னவர்கள் அல்ல. சொல்ல விட்டவர்களும் இல்லை. மூன்று தலைமுறைக்கும் சேர்த்து மாமா சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும். ஆனால் அதுவரை பேர்ச் விலை நிற்குமா? போன வருடம் அவர் தள்ளிய இடத்தில் இப்போது ஒருத்தர் இரண்டாம் தட்டுக்கு கொங்கிறீட் போடுகிறார். இந்த வருடம் அந்தக் காசுக்கு அதே ரோட்டில் பாதிக் காணிகூட வராது.

மாமா, ஆசை தீர வேண்டாம் சொல்லுங்கள், உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் என் அட்வான்ஸ் காசை வைத்துக்கொண்டு சொல்லாதீர்கள்.