கண்டுபிடிக்கப்பட்ட கடைகள்

2002 போர்நிறுத்தக் காலத்தில் நான் மூதூரில் வேலை பார்த்தேன். திருகோணமலைக்குப் போக லோஞ்ச்தான். கொட்டியாரக் குடாவைக் கடந்து இறங்குதுறையில் கால் வைக்கும்போது வயிறு காலியாக இருக்கும். நிரப்பிக்கொண்டு ஏறியிருந்தாலும் கடல் அதைக் கவனித்துக்கொள்ளும்.

நல்ல சாப்பாட்டுக் கடையை அறிய ஒரே வழி, லோஞ்சில் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பது. அவர் முதலில் உங்கள் ஊரை விசாரிப்பார், பிறகு உறவினரை. கடையைச் சொல்வதற்குள் கரை வந்துவிடும்.

கடைப் பலகையில் குளிர்பானத்தின் பெயர் பெரிதாகவும் கடையின் பெயர் சிறிதாகவும் இருக்கும். மெனு என்ற பேச்சே இல்லை.

“என்ன இருக்கு முதலாளி?”

“இருக்கிறதுதான் இருக்கு தம்பி. கையைக் கழுவிட்டு வாங்க.”

சோறு, பாரை மீன் குழம்பு, பருப்பு, முருங்கையிலைச் சுண்டல். இன்று அதே சோறும் குழம்பும் கடற்கரை விடுதியில் மண்சட்டியில் வருகின்றன. ‘பாரம்பரிய உணவு’ என்று அட்டையில் பெயர், பக்கத்தில் விலை. காரத்தைத்தான் எங்கேயோ பிடித்து வைத்துவிட்டார்கள்.

இப்போது கிண்ணியாவில் 2009இல் திறந்த பாலத்தால் மூதூரிலிருந்து வாகனத்திலேயே வரலாம். கொழும்புப் பிள்ளைகள் கைப்பேசியைப் பார்த்தபடி வந்து, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சோற்றுக் கடையைத் ‘தாங்கள் கண்டுபிடித்ததாக’ ஐந்து நட்சத்திரம் போடுகிறார்கள். போர்த்துக்கேயர் 1624இல் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கிக் கண்டார்கள். அது கண்டுபிடிப்பு. சோற்றுக் கடைக்கு நனையக்கூடத் தேவையில்லை. கோயில் பக்கம் எறியப்படும், சோறு சுற்றிய லஞ்ச் சீற்றை மெல்லும் புள்ளிமான்களுக்கு அந்தக் கடை எப்போதோ தெரியும்.

பேக்கரி சங்கதி வேறு. கப்பலில் வரும் கோதுமையைச் சீனக்குடாவின் பிறிமா ஆலை 1980 முதல் மாவாக்கி நாடெங்கும் அனுப்புகிறது. அதே துறைமுகத்தின் மறுகரையில், போர்க்காலத்தில் ஊரடங்கு போட்ட இரவுகளில் போறணைக்கு ஆள் வர முடியாமல் காலையில் பாண் இருக்காது. இன்று உட்துறைமுக வீதியில் குளிரூட்டிய கஃபேயில் குரோசான் கிடைக்கிறது. நான் இன்னமும் பின்னேரம் நாலு மணிக்குச் சூட்டோடு வரும் ரோஸ்ட் பாணின் பக்கம்தான்.

டச்பே கடற்கரையில் இப்போது மாலையானால் இறால் வடையும் கடலையும் ஐஸ்கிறீமும், குடும்பம் குடும்பமாகச் சனமும். 2006 ஜனவரி 2 அன்று அங்கே, காந்தி சிலைக்கு அருகே, ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு நெடுநாள் பொழுதுபட்டபின் அந்தப் பக்கம் போக யாருக்கும் மனம் வரவில்லை. வடைக்கு வரிசையில் நிற்கும் பயணிகளுக்கு இதை எந்த நட்சத்திரமும் சொல்வதில்லை.

குடிக்கிறவர்களுக்கு அன்று ஊரடங்கு பகை, இன்று முழுநிலாப் போயா நாள். முழுநிலாவைக் கடற்கரையில் பார்க்கவென்றே நாள் குறித்து உப்புவெளிக்கு வரும் வெள்ளைக்காரருக்கு, அன்றுதான் நாடு முழுக்க மதுக்கடை பூட்டு என்பது வந்த பின்பே தெரிகிறது. சில இடங்களில் தேநீர்க் கேத்தலில் பியர் வருமாம். தேநீர் கேட்டவர் பாடு என்னவோ.

போகிறவர்கள் நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப் போங்கள். சோற்றுக் கடைக்கு ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். இரண்டுக்குமேல் குழம்பு இருக்கும், மீன் இருக்காது.