இலவச சீட்டு வேணுமா? முதல்ல ஃபீஸைக் கட்டுங்க

ஏழையாக இருப்பதற்கு முன்பணம் கட்ட வேண்டும் என்பதை 2025 அக்டோபரில் நம் அரசாங்கம் முறைப்படி அறிவித்தது. அதுவரை கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இது அனுபவத்தில் மட்டுமே தெரிந்திருந்தது.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சிறுபான்மைப் பள்ளிகள் தவிர்த்த தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவு, வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் ஃபீஸை அரசு பள்ளிக்குக் கொடுத்துவிடும். நலிந்த பிரிவில் வர ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அதாவது மாதம் 16,666 ரூபாய். பவர்லூம் ஓட்டுகிறவர் ஓவர்டைம் பார்த்து 16,700 சம்பாதித்துவிட்டால் அவர் பணக்காரர். இன்கம்டாக்ஸ்காரன் வராததுதான் குறை.

வழக்கமாக ஏப்ரலில் இதற்கான விண்ணப்ப இணையதளம் திறக்கும். பெற்றோர் இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, சாதிச் சான்று, பிறப்புச் சான்று என்று கத்தை கட்டிக்கொண்டு நிற்பார்கள். 2025 ஏப்ரலில் அது திறக்கவே இல்லை. டெல்லி சொன்னது: தேசியக் கல்விக் கொள்கையை ஏற்று பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, பணம் தருகிறேன். சென்னை சொன்னது: பணம் வந்தால்தான் சேர்க்கை. கல்வி உரிமைப் பணமும் அடங்கிய சமக்ர சிக்ஷா என்ற மத்திய நிதி 2,000 கோடிக்கு மேல் நின்றுபோனது. இரு மொழியா மும்மொழியா என்று இரண்டு அரசுகளும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றன. எல்கேஜி சேர வேண்டிய பிள்ளைக்கோ ஒரு மொழியிலேயே இன்னும் ழகரம் வரவில்லை.

கோவையைச் சேர்ந்த மறுமலர்ச்சி மக்கள் இயக்கத்தின் ஈஸ்வரன் உயர் நீதிமன்றம் போனார். 2025 ஜூன் 10-ல் தீர்ப்பு வந்தது. மத்திய நிதி வரவில்லை என்று சொல்லி மாநிலம் தன் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. கல்வி உரிமைப் பணத்தைச் சமக்ர சிக்ஷாவோடு முடிச்சுப்போட வேண்டியதில்லை என்பதை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும். இருவர் தலையிலும் குட்டு. மாநில அரசு தலையைத் தடவிக்கொண்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்குள் பள்ளிக்கூடம் திறந்தாயிற்று.

ஜூனிலிருந்து அக்டோபர் வரை அந்த நாலு மாதம் பெற்றோருக்கு நிதியுதவி கிடைக்கவில்லை என்று யாரும் பழி சொல்லக் கூடாது. தாராளமாகக் கிடைத்தது. கம்மலுக்கு அடகுக் கடை இருந்தது. கம்மல் இல்லாதவர்களுக்கு மகளிர் குழு லோன் இருந்தது. வாரத் தவணையை வசூலிக்க வாசலுக்கே பைக்கில் வந்து, “அக்கா, இந்த வாரம் தள்ளாதீங்க” என்று மரியாதையாகக் கேட்பார்கள். அதுவும் இல்லாதவர்களுக்குக் கந்துவட்டி. அதைத் தடை செய்து 2003-ல் சட்டம் போட்டார்கள்; அந்தச் சட்டமும் நல்ல சுகமாகத்தான் இருக்கிறது. சில பள்ளி அலுவலகத்திலேயே ஃபைனான்ஸ் கம்பெனி ஆள் உட்கார்ந்திருக்கிறார். “மொத்தமா கட்ட வேண்டாங்க, மாசாமாசம் ஈஎம்ஐயாக் கட்டிக்குங்க.” மூன்றரை வயதுப் பிள்ளை ஏ ஃபார் ஆப்பிள் சொல்வதற்கு முன்பே அதன் பேரில் அப்பா கடனாளி.

பேங்குக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனால் இப்படித்தான் இருக்கும்:

“கல்விக் கடனுங்களா? எந்தக் காலேஜுங்க?”

“எல்கேஜிங்க.”

வழக்கமான கல்விக் கடன் திட்டம் பிளஸ் டூவுக்கு மேல்தான். அதுவரை பிள்ளை எப்படிப் படித்து வந்தது என்பது பேங்கின் கவலை இல்லை.

கடைசியில் டெல்லி கொஞ்சம் பணத்தை விடுவித்தது. அக்டோபரில் சென்னை சேர்க்கை நடத்தியது. யாருக்கு? தனியார் பள்ளியில் ஏற்கெனவே சேர்ந்து படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு. அவர்களில் தகுதியானவர்களைத் தேர்ந்தெடுத்து, கட்டிய ஃபீஸை ஏழு வேலை நாளில் பள்ளி திருப்பித் தர வேண்டுமாம். ஆக, ஜூன் மாதம் கடன் வாங்கியாவது கட்டியவன் அரசாங்கக் கணக்கில் ஏழை. கடன்கூடக் கிடைக்காதவன் ஏழை இல்லை. அவனுக்கு விண்ணப்பமே இல்லை. காசு இருந்தால்தான் காசில்லாதவன் என்று ஒப்புக்கொள்ளும் இந்த நியாயத்தைக் கண்டுபிடித்த அதிகாரி எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்தால் அவருக்கு ஒரு சால்வை போர்த்தலாம். அடகுக் கடை வட்டியை யார் திருப்பித் தருவார்கள் என்று அவரிடமே கேட்டுவிடலாம்.

சீட்டு கிடைத்தவர்களும் தப்பவில்லை. புத்தகம், யூனிபார்ம், வேன், ஸ்மார்ட் கிளாஸ் என்று தனிச்சீட்டு வருகிறது. சேர்க்கைக்குப் பிள்ளையையோ பெற்றோரையோ நேர்காணல் செய்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. நம்ம ஊரில் “நீங்க என்ன படிச்சிருக்கீங்க?” என்று அப்பனைக் கேட்காமல் எத்தனை பள்ளி ஃபாரம் கொடுக்கிறது? அபராதம் கட்டிய பள்ளி ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். எட்டாவதோடு உரிமை முடிகிறது. ஒன்பதாவதில் முழு ஃபீஸ். 2013-ல் எல்கேஜி சேர்ந்த பிள்ளைகள் 2023-ல் அந்த இடத்துக்கு வந்து நின்றார்கள். பதினாலு வயதில் வறுமை தானாகப் போய்விடும் என்று நாடாளுமன்றம் நினைத்துவிட்டது போலிருக்கிறது.

“அப்ப கவர்மெண்ட் ஸ்கூல்ல சேர்க்க வேண்டியதுதானே?” நியாயமான கேள்வி. அதைக் கேட்கும் அதிகாரிகளின் பிள்ளைகள் எந்தப் பள்ளி வேனில் ஏறுகிறார்கள் என்பதைக் காலை எட்டு மணிக்கு அவிநாசி ரோட்டில் நின்றால் பார்க்கலாம். அரசுப் பள்ளியை நன்றாக நடத்தியிருந்தால் தனியார் பள்ளிக்கு இந்த ஃபீஸை அரசாங்கம் அழ வேண்டியிருக்காது. தன் பள்ளிமேல் தனக்கே நம்பிக்கை இல்லாதவர்கள் நெசவாளிக்கு நம்பிக்கை ஊட்ட வருகிறார்கள்.

இனி எந்த வருடமாவது ஏப்ரலில் அந்த இணையதளம் திறக்கவில்லை என்றால், அடகுக் கடைக்குப் போகாதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அங்கே வாருங்கள். ஃபீஸ் கட்டிய ரசீது இல்லாதவர்கள் முன்வரிசையில் நில்லுங்கள்.