எட்டு வயது முதலாளி

1899-இல் நியூயார்க் தெருக்களில் முதலாளிகள் மலிந்து கிடந்தார்கள். வயது எட்டு, பத்து. பல பேருக்குக் காலில் செருப்பு கிடையாது. கக்கத்தில் பத்திரிகைக் கட்டு. அவர்கள் தொழிலாளிகள் இல்லையாம். சொந்த முதல் போட்ட வியாபாரிகளாம். சொன்னவர்கள் பத்திரிகை அதிபர்கள். தொழிலாளி என்றால் சம்பளம் கேட்பான். டிராம் மோதினால் வைத்தியச் செலவு கேட்பான். வியாபாரி யாரைப் போய்க் கேட்பான்?

வியாபார லட்சணம் இது. 100 பிரதி 50 சென்ட். விற்கும் விலை பிரதிக்கு ஒரு சென்ட். மிஞ்சியதைத் திரும்ப வாங்கமாட்டார்கள். 1898-இல் ஸ்பெயினோடு போர் மூண்டது, தாள் பறந்தது, 100 பிரதியின் விலை 60 சென்ட் ஆனது. போர் முடிந்ததும் மற்ற பத்திரிகைகள் பெரும்பாலும் பழைய விலைக்கு இறங்கின. புலிட்சரின் 'வேர்ல்டு', ஹர்ஸ்டின் 'ஜர்னல்' மட்டும் இறங்கவில்லை. இனி நூற்றில் 40 தாள் தங்கினால் பையனுக்கு அன்று பூஜ்யம். 41 தங்கினால் கைக்காசு போச்சு. தலைப்புச் செய்தி சப்பென்று இருந்தால் எழுதியவருக்குச் சம்பளம், கூவியவனுக்குப் பட்டினி. இதில் ஒழுக்கம் வளரும் என்று உபதேசம் வேறு. அதிபர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஒழுக்கம் தேவைப்படவில்லை போலும்.

இந்தப் புலிட்சர் ஏழைகளின் காவலர். 1885-இல் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணமில்லை என்றதும் ஊரெல்லாம் உண்டியல் குலுக்கி, லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது அவர் பத்திரிகைதான். குழந்தைகளின் சில்லறையும் அதில் உண்டு. சிலை நிற்க இடம் தேடிக் கொடுத்த புண்ணியவானுக்கு, பையனிடம் பிடுங்கிய 10 சென்டை விட மனசு வரவில்லை. இன்று சிறந்த பத்திரிகையாளர்களுக்கு அவர் பெயரில்தான் பரிசு.

ஜூலையில் பையன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். புரூக்ளின் பாலத்தை மறித்தார்கள். 'வேர்ல்டு' விற்பனை 3,60,000-இலிருந்து 1,25,000-க்குச் சரிந்தது. போட்டிப் பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். பையன்களின் கொச்சைப் பேச்சை அப்படியே அச்சடித்து வாசகர்களைச் சிரிக்க வைத்தன. பசித்தவனின் உச்சரிப்பு அவ்வளவு வேடிக்கை! இரண்டு வாரத்தில் சமரசம். விலை 60-தான். மிஞ்சியதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம்.

குழந்தை உழைப்பைப் படம்பிடித்த புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1910 மே 9, திங்கட்கிழமை காலை 11 மணிக்கு செயின்ட் லூயிஸ் நகரில் எடுத்த படம் ஒன்று உண்டு. பள்ளியில் இருக்க வேண்டிய நேரம். மூன்று பையன்கள், பத்திரிகை விற்பவர்கள், பெரிய மனுஷத் தோரணையில் சிகரெட் பிடிக்கிறார்கள். முதலாளிகள் அல்லவா!

1944-இல் ஹர்ஸ்ட் நிறுவன வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தெருவில் விற்பவர்களும் ஊழியர்களே என்றது. மூன்றே வருடத்தில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, சுயதொழில் செய்பவர் ஊழியர் இல்லை என்று எழுதியது. குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்த 1938-இல் வந்த சட்டத்திலும், வீடுகளுக்குப் பத்திரிகை போடுபவர்களுக்கு விலக்கு ஒன்றைப் பின்னால் சேர்த்தார்கள். அந்த விலக்கு இன்றும் இருக்கிறது.