இது பேசுமுங்களா?

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த கை கீழே இறங்குவதற்குள் அவர் முதல் கூண்டுக்கு முன்னால் நின்று கேட்டுவிடுவார்.

“ஏனுங் தம்பி, இது பேசுமுங்களா?”

முதல் கூண்டில் இருப்பது வான்கோழி.

“பேசாதுங்கண்ணா.”

“பழக்குனா?”

“பழக்குனாலும் பேசாதுங்கண்ணா.”

அவர் என்னைப் பார்க்கும் பார்வையில் கோபம் இருக்காது, இரக்கம்தான் இருக்கும். இத்தனை பறவைகளும் பழக்கத் தெரியாதவன் கையில் வந்து மாட்டிக்கொண்டனவே என்ற இரக்கம்.

பறவைப் பூங்காவில் வேலை என்றால், கிளிக்குத் தீனி போடச் சம்பளமா என்று சிரிக்கிறார்கள். விடியற்காலையில் வந்து பப்பாளி நறுக்க வேண்டும். ஆப்பிளில் ஒரு விதைகூட இல்லாமல் எடுக்க வேண்டும். நேற்றைய எச்சத்தைச் சுரண்ட வேண்டும். காக்கட்டூவும் ஆப்பிரிக்கன் கிரேயும் சிறகிலிருந்து வெள்ளைத் தூசாக உதிர்க்கும், அது மூக்கில் ஏறும். மக்காவ் கத்தினால் காதுக்குள் விசில் அடிக்கும். இதெல்லாம் பழகிவிடுகிறது. தினமும் வேறொரு முகத்தோடு வருகிற அவர்தான் பழகவில்லை.

வான்கோழியை விட்டு வெள்ளி ஃபெசன்ட்டுக்கு வருவார். “இது?” பேசாதுங்கண்ணா. அன்னம்? பேசாதுங்கண்ணா. லவ் பேர்ட்ஸ்? அதுவும் இல்லைங்கண்ணா. போன வருஷம் குடும்பத்தோடு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போய் வந்ததாக அவருடைய மருமகன் சொன்னார். அங்கேயும் இதைக் கேட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே கூடு கட்டுகிற சங்குவளை நாரைக்கு வளர்ந்த பிறகு குரல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது, அலகைத் தட்டித்தான் சத்தம் எழுப்பும். அதையும் ‘பேசுது’ என்று கணக்கில் எழுதிக்கொண்டிருப்பார்.

மக்காவ் கூண்டு வந்ததும் கச்சேரி தொடங்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வார். தொண்டையைக் கனைத்துக்கொள்வார். குனிந்து, உதட்டைக் குவித்து, அவருடைய வயசுக்கும் மீசைக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு குரலில், “அக்கா! சொல்லு சாமி, அக்கா!” என்பார். தமிழ்நாட்டுக் கிளிகளுக்கு அரிச்சுவடியே அக்காதான். பொலிவியாவிலும் பிரேசிலிலும் காடு கொண்ட பறவை தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அவரைப் பார்க்கும். “பாத்தீங்களா, கவனிக்குது!” என்று குடும்பத்தைக் கூப்பிடுவார். பேத்தி வெட்கப்பட்டு ஊஞ்சல் பக்கம் ஓடிவிடுவாள். அக்கா, அக்கா, அக்கா. பத்து அக்காவுக்குப் பிறகு விசில். விசிலுக்குப் பிறகு வண்டிச் சாவியால் கம்பியில் ‘டிங் டிங்’. அதுவும் பலிக்கவில்லை என்றால் மஞ்சப்பையில் கை நுழையும்.

உள்ளே பச்சை மிளகாய். வீட்டிலிருந்தே எடுத்து வந்தது.

“காரம் ஏறுனாத்தானுங் தம்பி நாக்குப் பொரளும்.”

வெளித்தீனி தரக்கூடாது என்ற பலகைக்கு நேர் கீழே நின்றுதான் இதைச் சொல்வார். நான் ஓடி வருவதற்குள் மக்காவ் மிளகாயைக் காலில் வாங்கி, கீறி, விதைகளை ஒவ்வொன்றாக ரசித்துத் தின்றுகொண்டிருக்கும். மிளகாயில் நமக்கு எரிகிற கேப்சைசின் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை. அதற்கு அது வெள்ளரிப் பிஞ்சு. நாக்குப் புரளக் காரம் வேண்டாங்கண்ணா, பறவைக்குக் குரல் தொண்டையிலேயே பிறப்பதில்லை, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிகிற இடத்தில், நெஞ்சுக்குள்ளிருந்து வருகிறது என்று எனக்குச் சொல்லித்தந்ததை அவருக்குச் சொல்வேன்.

“நெஞ்சுக்குள்ளீங்களா?” என்று யோசிப்பார். “அப்ப வசம்பு உரசி உள்ளுக்குக் குடுக்கலாமுங்களா?”

செல்போனில் அவர் பார்க்காத வீடியோ இல்லை. அமெரிக்காவில் ஒரு கிளி நிறமெல்லாம் சொல்லுமாம், எண்ணுமாம். உண்மைதான். அலெக்ஸ் என்று பெயர், ஆப்பிரிக்கன் கிரே. ஐரீன் பெப்பர்பெர்க் என்ற ஆராய்ச்சியாளர் அதை 1977-ல் வாங்கினார், 2007-ல் அது சாகும்வரை கூடவே இருந்து பழக்கினார். நூற்றுக்கு மேல் சொற்கள், நிறம், வடிவம், ஆறு வரை எண்ணிக்கை எல்லாம் அதற்குத் தெரியும். “முப்பது வருஷப் பாடுங்கண்ணா அது” என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நாங்க நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்போணுமுங்களே.”

இப்படிக் கேட்கிற எல்லோர் வீட்டிலும் முன்னொரு காலத்தில் ஒரு கிளி இருந்திருக்கிறது. அதன் பெயர் மணி. மணி பேசிய பேச்சுக்கு இங்கே இருக்கிற எதுவும் ஈடாகாது. “ஒறம்பரை வந்தா ‘வாங்க, உக்காருங்க’ம்பானுங்க. எங்கப்பத்தாளையே பேர் சொல்லிக் கூப்புடுவான்.” நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைத்துக்கொள்வது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்று ஞாபகப்படுத்தினால் மனசு நொந்துபோவார். “கூண்டுல வெக்கலீங் தம்பி. வூட்ல ஒருத்தனாட்டத்தான் இருந்தான். றெக்கைய மட்டும் வெட்டி உட்ருந்தோம்.”

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கிளி கூட்டத்தில் வாழ்கிற பிறவி. கூட்டத்தின் குரலைக் கேட்டுத் தானும் அப்படியே குரல் கொடுக்கும். றெக்கையை வெட்டி ஒற்றையாக வீட்டில் வைத்தால், வீட்டில் இருக்கிறவர்கள்தான் அதற்குக் கூட்டம். அவர்கள் சத்தத்தைத்தான் அது கற்றுக்கொள்ளும். தென்னை மரப் பொந்தில் குடும்பம் நடத்துகிற பச்சைக்கிளி எவளையும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அதற்குப் பேச வேறு ஆள் இருக்கிறது.

எங்களிடம் பேசுகிற பறவை ஒன்று உண்டு. பின்கட்டில், பார்வையாளர் வராத கூண்டில். ஆப்பிரிக்கன் கிரே. வளர்த்த அம்மாள் இறந்த பிறகு பிள்ளைகள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். இந்த வகை ஐம்பது வருஷம்கூட இருக்கும், பிள்ளைகளுக்கு அத்தனை பொறுமை இல்லை. நெஞ்சுச் சிறகைத் தானே பிடுங்கிப் பிடுங்கி அந்த இடம் மொட்டையாகக் கிடக்கிறது. சாயங்காலம் கூட்டம் கலைந்ததும், வயதான ஒரு பெண்ணின் குரலில், கோழையோடு இருமிவிட்டு, “கேட்டைச் சாத்து, மாடு வருது” என்று சொல்லும். வந்த புதிதில் நான் போய்ச் சாத்தியிருக்கிறேன். இப்படி ஒன்று இங்கே இருப்பது அவருக்குத் தெரிந்தால் பஸ்ஸாவது மண்ணாவது, அங்கேயே பாய் விரித்துவிடுவார். அதனால்தான் முதலாளியிலிருந்து கூட்டுகிற அக்கா வரைக்கும் எங்களுக்கெல்லாம் ஒரே பதில்: எதுவும் பேசாதுங்கண்ணா. சாவியால் தட்டாதீர்கள், ஃப்ளாஷ் அடிக்காதீர்கள், இதையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். அது யார் காதிலும் விழுவதில்லை. மனிதருக்குச் சொன்னதைத் திருப்பிச் சொல்லத் தெரியாதது எங்களுக்கு ஒரு குறை.

ஈமு வேலிக்கு வந்தால் மட்டும் அவர் வாயடைத்துப்போவார். பேசுமா என்று கேட்க மாட்டார். “மாசம் எவ்வளவுங்க தீனி ஆவுது?” என்று தணிந்த குரலில் கேட்பார். எங்கள் பக்கத்து ஆளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணம் கட்டினால் குஞ்சு, குஞ்சை வளர்த்தால் மாதாமாதம் காசு, வருஷக் கடைசியில் போனஸ் என்றார்கள் ஈமு கம்பெனிக்காரர்கள். 2012-ல் பெருந்துறையைச் சுற்றிக் கம்பெனிகள் கதவடைத்தபோது, பணம் போட்டவர்கள் தோட்டத்தில் மிஞ்சியது தீனி கேட்டு நிற்கிற பறவைகள்தான். அவர் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், பெட்டை ஈமு தொண்டைப் பையை உப்பவைத்து, தூரத்தில் தவில் அடிப்பதுபோல ‘டும் டும்’ என்றது. பேத்தி ஓடிவந்தாள்.

“தாத்தா, தாத்தா! இது பேசுது!”

“பேசுலீங் கண்ணு. வட்டி கேக்குது.”

அன்றைக்கு அவருக்கு என் காசில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, அந்த வான்கோழியை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார்.

போகும்போது கவுண்டரில் புகார் கொடுக்காமல் போக மாட்டார். “ஒண்ணுகூடப் பேசுலீங்க. டிக்கெட்டு தெண்டம்.” எங்கள் பூங்காவில் வருகிறவர்களிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்கிற பறவை ஒன்றே ஒன்றுதான். வாசலில் நிற்கிற சிமென்ட் பென்குவின். வாய் முழுக்கத் திறந்திருக்கும், வயிற்றில் ‘என்னைப் பயன்படுத்துங்கள்’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். சோளக்கதிர் தின்ற சக்கையை அவர் அதன் காலடியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.